வீடியோ இல்லாத பூமாரி

"அக்கா, இந்த ஊரில ஆடு குட்டி போட்டாலும் பேஸ்புக்கில போடுவாங்கள். வானத்தில இருந்து பூ கொட்டினதை மட்டும் ஒருத்தரும் போடேல்லை!"

பேசாலையைத் தாண்டி முருகைமுனைக்குத் திரும்பும் மண் றோட்டில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, அஸ்மி போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில் இருந்த வசந்தமலர் நிமிர்ந்து பார்த்தாள். மன்னார்ப் பட்டினத்தில், நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் துப்பறியும் கந்தோர், அதாவது அலுவலகம், நடத்துகிறவள் அவள். கட்டுக்கரைப் பக்கத்து வயல்காரக் குடும்பம். வரம்பில் நடந்து பழகியதாலோ என்னவோ, பேச்சிலும் கால் வழுக்காது. அஸ்மி எருக்கலம்பிட்டிக்காரன், இரண்டு பிள்ளைகளின் வாப்பா. வாடகைக்கு ஓட்டோ ஓட்ட வந்தவன் அப்படியே அவளுக்கு உதவியாளனாகிவிட்டான். பாதி நாள் ஓட்டோ, பாதி நாள் துப்பு, முழு நாளும் வாய்.

"நல்லாத் தேடினியா?"

"செபஸ்தியார் திருநாள் எண்டு போட்டுத் தேடினன். பாண்ட் வாத்தியம் இருக்கு. பந்தி இருக்கு. ஒரு ஆள் கோழிப் புரியாணியை மட்டும் எல்லாப் பக்கத்தாலயும் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். கோழிக்குக் கூட அந்த மரியாதை கிடைச்சிருக்கு. பிளேன் இல்லை. போட்டுட்டு அழிச்சிருக்கிறாங்கள் அக்கா. பகிர்ந்த ஆக்களின்ர பக்கத்தில வெறும் பெட்டி நிக்குது."

"அப்ப அதுதான் எங்கட முதல் சாட்சி."

"இல்லாத வீடியோவா?"

"இல்லாத வீடியோதான். எடு ஓட்டோவை."

வழக்கு சிக்கலானதல்ல, அதுதான் அதில் இருந்த ஆபத்து. முருகைமுனை மூப்பர் றெனால்டின் மூத்த மகள் மதுஷிகா. மூப்பர் என்றால் கோயில் காரியங்களுக்கு ஊர் ஏற்றுக்கொண்ட தலைவர். தகப்பன் கடலில் வலை போட, மகள் படித்து விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வந்தாள். கரையோரம் பறக்கும் சிறு விமானங்களுக்கு யார் எந்த உயரத்தில் பறப்பது என்று வானொலியில் சொல்வது அவள் வேலை. சொந்த ஊர்த் திருநாளன்றும் கடமையில்தான் இருந்தாள்.

அன்று முருகைமுனைக்கு மேலே இரண்டு விமானங்கள். ஒன்று, கடலோரக் களப்பில் இறங்கியிருந்த பூநாரைகளைக் கணக்கெடுக்க வந்தது. அதற்கு ஐந்நூறு அடி உயரம். மற்றது, வெளிநாட்டிலுள்ள ஊர்ப்பிள்ளைகளின் செலவில், செபஸ்தியாரின் சுரூபத்தை, அதாவது சிலையை, தூக்கிவரும் பவனிக்குப் பூத்தூவ வந்தது. அதற்கு ஆயிரத்து ஐந்நூறு அடி, அதற்குக் கீழே இறங்கவே கூடாது. மாடி வீட்டில் மேலே ஒருவர், கீழே ஒருவர் நடமாடினால் முட்டிக்கொள்ளவா போகிறார்கள்? ஆனால் அன்று மேல்மாடிக்காரர் தளத்தைப் பிய்த்துக்கொண்டு கீழே வந்துவிட்டார். பறவை விமானம் கடைசி நொடியில் வெட்டித் திரும்பி, கடற்கரை மணலில் மோதி இறங்கியது. அதில் இருந்த ஆராய்ச்சியாளப் பெண்ணின் கை முறிந்தது. அவ்வளவோடு போனது பெரிய அதிர்ஷ்டம்.

"ஆயிரத்து ஐந்நூறில் இருந்து பூத்தூவத்தான் வந்தேன், ஐந்நூறுக்கு இறங்கச் சொன்னது கட்டுப்பாட்டாளர்" என்கிறார் பூ விமானத்தின் விமானி. இரண்டு விமானமும் ஒரே தனியார் கம்பனியுடையவை. மற்ற விமானியும் அதையே ஒப்புவிக்கிறார். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஒலிப்பதிவுக் கருவி அன்று பழுது. அவ்வளவு தாழ்வில் நடந்ததை ராடாரும் பிடிக்கவில்லை. நாளைக் காலை விசாரணை. தவறுதலாக இரண்டுக்கும் ஒரே உயரம் கொடுத்துவிட்டேன் என்று மதுஷிகா கையெழுத்து வைத்தால் இடமாற்றத்தோடு போகும். வைக்காமல் தோற்றால், இனி வாழ்நாளில் கட்டுப்பாட்டாளரின் கதிரையில் உட்கார முடியாது.

நேற்று கந்தோருக்கு வந்தபோது அவள் அழவில்லை. "பிழை விட்டிருந்தால் நானே எழுதிக் குடுத்திருப்பன். விடாத பிழைக்கு என்ர கை எழும்பாது" என்றாள். அஸ்மி அந்த நிமிடமே அவள் கட்சிக்கு மாறிவிட்டான்.

முருகைமுனையில் திருநாள் முடிந்த களைப்பு இன்னும் போகவில்லை. அறுந்த தோரணங்கள் வாடைக் காற்றில் படபடத்தன. கோயில் மதிலோரம் இரும்புக் குழாய்க் கொடிமரம் கழற்றிக் கிடத்தப்பட்டிருந்தது. மூப்பர் றெனால்ட் கோயில் வாசலில் கதிரை போட்டு உட்கார வைத்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். பெரிய உடம்பு, தணிந்த குரல்.

"பிள்ளைக்காக வந்திருக்கிறியள். என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

"பூத்தூவின பிளேன் எவ்வளவு உயரத்தில வந்தது ஐயா?"

"பிளேன் வந்தது, பூ விழுந்தது, கொடி பறந்தது. உயரம் எங்களுக்கு என்னண்டு தெரியும்? உயரம் பிள்ளையின்ர தொழில். எங்கட தொழில் ஆழம்."

"ஒருத்தரும் வீடியோ எடுக்கேல்லையோ?"

"எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிண்டனாங்கள்."

இளநீர் அஸ்மிக்குப் புரையேறிவிட்டது. "புரியாணி வரேக்க மட்டும் கண்ணைத் திறந்திட்டாங்கள் போல" என்று வாய்க்குள் முணுமுணுத்தான். வசந்தமலர் அவன் காலை மிதித்தாள்.

கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். "ஐயோ, பூ கொட்டினது பாருங்கோ, கொடியும் நல்லாப் பறந்தது, எனக்குக் கண்ணால தண்ணி ஓடிற்று." கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் சவிரியாரும் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பிளேன் வந்தது ஓம். கொடி பறந்தது ஓம். வேற என்ன?"

திரும்பும்போது அஸ்மி வாய் ஓயாமல் குறைப்பட்டான். "ஒண்டும் கிடைக்கேல்லை அக்கா. ஒரே பாட்டை மூண்டு பேர் மூண்டு ராகத்தில பாடுறாங்கள்."

"நான் எதைப் பற்றிக் கேட்டனான்?"

"பிளேன்."

"அவை எதைப் பற்றிச் சொன்னவை?"

"பிளேன், பூ, கொ..." அஸ்மி பிறேக்கை மிதித்தான். பின்னால் வந்த சைக்கிள்காரர் ஏசிவிட்டுப் போனார்.

"உன்ர வீட்டுக்கு ஆர் வந்தது எண்டு கேட்டால், 'மாமா வந்தவர், கூரையும் இருந்தது' எண்டு சொல்லுவியா?"

"கூரை பறந்து போயிருந்தாச் சொல்லுவன்."

"அதேதான். கொடியைப் பற்றி ஆரும் கேக்க முதலே எல்லாரும் ஏன் சொல்லினம்? திருநாள் முடியிற வரைக்கும் கொடி இறங்கக்கூடாது. அவையளுக்கு அது உயிர். பிளேனைப் பார்க்கிற வீடியோ எல்லாத்திலயும் அந்தக் கொடிமரம் விழத்தான் வேணும். அதுதான் ஊரே உட்கார்ந்து அழிச்சிருக்கு."

"அப்ப கொடி இருக்கேல்லை?"

"அதைத்தான் காட்டவேணும். ஊருக்குள்ள இருக்கிற எல்லாப் போனும் வாயை மூடிற்று. ஊருக்கு மேல இருந்தது ஒண்டு இருக்கு. தாராபுரத்துக்கு விடு."

தாராபுரத்தில், கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் கணினியில் போராடிக்கொண்டிருந்தாள் நுஸ்ரியா. பூநாரை எண்ண வந்து கை முறித்துக்கொண்டவள் அவள்தான். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"அந்த மனிசியைக் காப்பாத்தவா வந்தீங்க? அவ ஒரே உயரத்தைக் குடுத்து எங்களைக் கொல்லப் பார்த்தவ. எங்கட பைலட் எனக்கு எல்லாம் சொன்னவர்."

"ஆரைக் காப்பாத்துறது எண்டதை உங்கட படங்களைப் பார்த்திட்டுச் சொல்லுறன்."

"பூநாரைப் படமா?"

"இல்லை தங்கச்சி. நாரை இல்லாத படங்கள். நீங்க குப்பையில போடுறது."

நுஸ்ரியா கணினியை அவள் பக்கம் திருப்பினாள். ஒழுங்கான கேள்வி ஒன்றைக் கேட்டால் கோபக்காரருக்கும் மரியாதை வந்துவிடும். அஸ்மி இதைப் பலமுறை கண்டவன். விமானத்தின் வயிற்றில் பூட்டிய கமெரா தானாகவே படம் எடுத்துக்கொண்டு போகும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். களப்புக்குப் போகும் வழியில் வரும் ஊர்களையும் அது விடாது. திருநாளுக்கு முதல்நாள் காலையிலும், திருநாள் காலையிலும் ஒரே பாதையில் ஒரே நேரத்துக்குப் பறந்திருந்தார்கள்.

முதல்நாள் படம் திரையில் வந்தது. சிலுவை வடிவத்தில் கோயில் கூரை, வெள்ளை முற்றம், பந்தல், எறும்பு மாதிரி ஆட்கள்.

"மேல இருந்து பார்த்தா கொடிமரம் ஒரு புள்ளிதானே?" என்றான் அஸ்மி. "இதில எந்தப் புள்ளி கொடிமரம், எந்தப் புள்ளி காகம்?"

"மரத்தை விடு. நிழலைத் தேடு."

மூவரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். காலை வெயிலில் முற்றத்துக்குக் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு, ஊசியால் கீறியது போல நீண்டு போய் மதிலில் ஏறி மடிந்திருந்தது. நுஸ்ரியா அடுத்த படத்தைத் திறந்தாள். திருநாள் காலை. பந்தலுக்கு நிழல் இருந்தது. பனைக்கு நிழல் இருந்தது. நாய் ஒன்றுக்குக்கூட இருந்தது. கோடு இல்லை.

"இந்தப் படம் எடுக்கேக்க பூப் பிளேன் எங்க நிண்டது?" வசந்தமலரின் குரல் மெதுவாக வந்தது.

"ஓடுபாதையில. நாங்க கிளம்பேக்க அதுக்குப் பூக்கூடை ஏத்திக்கொண்டு நிண்டவங்க. நானே கண்டனான்."

"அப்ப மதுஷிகா அந்த விமானியோட ஒரு வார்த்தையும் பேச முதலே கொடிமரம் படுத்திட்டுது. சரி, இன்னொண்டு. ஆயிரத்து ஐந்நூறில வாற பிளேனுக்குக் கொடிமரம் இடைஞ்சலா?"

"சிரிப்புத்தான் வரும்."

"ஐந்நூறில?"

"அதுக்கும் இல்லை. கால் தூசு." நுஸ்ரியா கோடு இல்லாத படத்தை மறுபடி பெரிதாக்கினாள். "கூரையை உரசுற மாதிரி வந்தால்தான்... அவங்க முதலே அப்படி வரத்தான் இருந்திருக்கிறாங்க."

"வாடைக் காத்து. மேல இருந்து கொட்டினால் ஒரு இதழும் பவனிக்கு மேல விழாது, கடலுக்குத்தான். காசு குடுத்தவைக்குப் பூமாரி காட்டவேணும். காட்டப் போய் உங்கட உயரத்துக்குள்ளால விழுந்தவை. பிறகு பழியை வானொலியில இருந்தவளின்ர தலையில கட்டினவை."

நுஸ்ரியா எழுந்து யன்னலடிக்குப் போய்த் திரும்பி வந்தாள். "எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்து, தலையைத் தடவி, அந்தக் கதையைச் சொன்னவன் அந்தப் பைலட்தான்." பல்லைக் கடித்தாள். "படம் ரெண்டும் என்ட சொத்து. நாளைக்கு நானே கொண்டுவந்து மேசையில வைக்கிறன். ஒரு கை போதும்."

மன்னாரில் மதுஷிகாவை ஏற்றிக்கொண்டு முருகைமுனைக்குத் திரும்பியபோது வெயில் சரியத் தொடங்கியிருந்தது. போகும் வழியில் அஸ்மி வெற்றிப் பாட்டு ஒன்றை விசிலடித்தான். வசந்தமலர் நிறுத்தச் சொன்னாள்.

"மரம் படுத்தது தெரியும். ஆர் படுக்க வைக்கச் சொன்னது எண்டது படத்தில இல்லை. அதைச் சொல்ல ஒரு வாய் வேணும்."

"ஓட்டோவில ஒரு நல்ல வாய் இருக்கு அக்கா."

"உன்ர வாயை எந்த விசாரணையும் தாங்காது."

மதுஷிகாவை ஓட்டோவுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர்கள் முற்றத்துக்குப் போனார்கள். மூப்பரோடு சவிரியாரும் கருவாட்டுக்காரப் பெண்ணும் இன்னும் சிலரும் நின்றார்கள். வசந்தமலர் போனில் இரண்டு படங்களையும் அருகருகே காட்டினாள்.

மூப்பர் பார்த்தார். பிறகு, தயாராக வைத்திருந்தது போலச் சொன்னார்: "ஓம். திருநாள் விடியக்காலமை காத்துக்குக் கயிறு அறுந்து போச்சு. பூசைக்கு வந்த பாதரிட்டயும் சொன்னனாங்கள், கேட்டுப் பாருங்கோ. வெக்கத்தில வெளிய சொல்லேல்லை. கம்பனிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அஸ்மி வசந்தமலரைத் திரும்பிப் பார்த்தான். பாதரே சாட்சி! விசாரணையில் இதைச் சொன்னால், படம் வெறும் காற்றடித்த கதையாகிவிடும்.

"கயிறு அறுந்தால் என்ன விழும் ஐயா?" என்று கேட்டாள் வசந்தமலர்.

"கொடி விழும்."

"நான் கொடியைக் காட்டேல்லை. மரத்தின்ர நிழலைக் காட்டினனான். கயிறு அறுந்ததுக்கு இரும்புக் குழாய் ஏன் படுத்தது? அதுவும் ஏழெட்டுப் பேர் பிடிச்சு இறக்கவேண்டிய குழாய்?"

மூப்பரின் வாய் திறந்தது. சவிரியார் சட்டென்று குறுக்கே வந்தார்.

"மூப்பர்! சுரூபத்தில கை வைச்சுச் சத்தியம் பண்ணினனாங்கள். முதல் ஆளாக் கை வைச்சது நீங்கள்."

"கொடி இறங்கினது வெளிய தெரிஞ்சால் பக்கத்து ஊருகள் காறித் துப்பும்" என்றாள் கருவாட்டுக்காரி. "திருநாளே செல்லாது எண்டு சொல்லும். ஒரு வருசத்துக்குக் கடல் எங்களைப் பார்க்காது."

"அதுக்காக உங்கட ஊர்ப் பிள்ளையைக் கடலில தள்ளிறதோ?" அஸ்மி கேட்டே விட்டான். இந்தத் தடவை வசந்தமலர் அவன் காலை மிதிக்கவில்லை.

ஓட்டோவில் இருந்து மதுஷிகா இறங்கி வருவதை அப்போதுதான் எல்லோரும் கண்டார்கள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது நடையிலேயே தெரிந்தது. தகப்பனுக்கு நேரே வந்து நின்றாள்.

"கொடியை இறக்கினது நீங்களா அப்பா?"

"இடமாற்றம் மட்டும்தான் எண்டு அந்தக் கம்பனி ஆள் சொன்னவர் பிள்ளை. கொழும்புக்குப் போவாய், நல்லது எண்டு நினைச்சன். ஒரு கையெழுத்துத்தானே..."

"ரெண்டு பிளேனை ஒரே உயரத்தில விட்டவள் எண்டு நானே எழுதிக் குடுத்திட்டு, பிறகு எந்த விமானிக்கு உயரம் சொல்லுறது? நான் ஏறு எண்டால் ஏறுவானா? நில் எண்டால் நிப்பானா? அவன்ர பிளேனில பிள்ளை குட்டியோட ஆக்கள் இருப்பினம் அப்பா." அவள் குரல் உயரவில்லை. "ஒரு காலமை கொடி இறங்கினதுக்கு நீங்கள் இவ்வளவு வெக்கப்படுறியள். என்னைச் சாகும் வரைக்கும் இறங்கி நிக்கச் சொல்லுறியள். நான் நிக்க மாட்டன். உங்கட சத்தியத்தை உடைக்கச் சொல்லியும் கேக்க மாட்டன். அது உங்கட கணக்கு."

திரும்பி நடந்தாள். மூப்பர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விறுவிறென்று கோயிலுக்குள் போனார். அவர் முழங்காலில் நிற்பது வாசலால் தெரிந்தது. வெளியே வந்தபோது கையில் கோயில் பூட்டுகளின் திறப்புக் கோர்வை இருந்தது. அதைச் சவிரியாரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"மூப்பர், என்ன இது?"

"சத்தியத்தை உடைக்கிறவன் மூப்பராய் இருக்கேலாது. நான் உடைக்கப்போறன்." குரலை உயர்த்தினார், முற்றம் முழுக்கக் கேட்டது. "திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் கம்பனி ஆள் இஞ்ச வந்தவர். 'கொடிமரத்தைப் படுக்க வையுங்கோ மூப்பர், கூரைக்கு மேலாலேயே கொண்டு வந்து கொட்டித் தாறம்' எண்டவர். கயிற்றைப் பிடிச்சு இறக்கினது நான். பாதருக்குப் பொய் சொன்னதும் நான். என்ர பிள்ளை அந்த நேரம் வேலைக்குக்கூடப் போகேல்லை."

"ஊர் மானம் என்னாகிறது?" யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

"போகட்டும்! நாளைக்கு நாலு பேருக்கு முன்னால இதைச் சொல்லிப்போட்டு வாறன். பிறகு என்னை ஊரை விட்டுத் தள்ளுறது எண்டால் தள்ளுங்கோ. வள்ளம் எனக்குச் சொந்தம். கடல் ஒருத்தனுக்கும் சொந்தமில்லை." அஸ்மியின் பக்கம் திரும்பினார். "தம்பி, காலமை ஓட்டோ வருமோ?"

"விடியச் சுபஹுத் தொழுதிட்டு நேரா இஞ்சதான் ஐயா. லேட் ஆகினால் நீங்களே ஓட்டலாம். நான் பின்னால இருந்து தள்ளுறன்."

மூப்பருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தலையாட்டினார்.

ஓட்டோவடியில் மதுஷிகாவின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவள், தகப்பனுக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டிப் பிடித்தாள்.

"தங்கச்சி, கடைசியாக் கேக்கிறன்," என்றது கம்பனிக்காரரின் தேனான குரல். "கையெழுத்தை வைச்சிட்டால் எல்லாருக்கும் நல்லம். எங்களுக்கும் பிரச்சினை இல்லை, உங்களுக்கும் உத்தியோகம் மிஞ்சும்."

"மிஞ்சிற உத்தியோகம் எனக்கு வேண்டாம். என்ர கதிரை வேணும்." அவள் கண் இமைக்கவில்லை. "நாளைக்கு உங்கட விமானியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் அவருக்குச் சொன்ன உயரம் என்ன எண்டதை என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நீங்களும் வாங்கோ, உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் எனக்குப் பக்கத்தில இருப்பார்."

"ஆர் அது?"

மதுஷிகா போனைத் தகப்பனிடம் நீட்டினாள்.

"றெனால்ட் கதைக்கிறன்," என்றார் அவர்.

"மூப்பர், நீங்களா..." என்ற தேன் குரல் பாதியில் அறுந்தது.